செருப்புக் கடையை 14 அங்குலம் உயர்த்திய கதை

எங்கள் கடை திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. அகலம் 7 அடி, உள்ளே 11 அடி. முன்னால் அப்பா செருப்பு, ஷூ, பை தைப்பார். பின்னால் நான் டூப்ளிகேட் சாவி போடுவேன். அப்பா முதலில் வேப்பமரத்தடியில் குடை கட்டி உட்கார்ந்திருந்தவர். என் தாய்மாமா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். தோல் பதனிடும் தொழிலும் பூட்டுத் தொழிலும் இந்த ஊரில் பழையவை. எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொன்றாக வந்து சேர்ந்தன. வடநாட்டு அலிகார் பூட்டுகள் சந்தைக்கு வந்து பட்டறையில் வேலை குறைந்தபோது மாமா, சாவியை இறுக்கிப் பிடிக்கும் தன் வைஸையும் அரங்களையும் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

2009-இல் கடையைப் பிடித்தபோது சாலையும் கடைத் தரையும் ஒரே மட்டம். அப்புறம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை சாலை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் 2 அங்குலம். 2022-க்குள் கடை 6 அங்குலப் பள்ளமாகிவிட்டது. அப்பா தரையில் சாக்கு விரித்து உட்கார்கிறவர். வாசலில் நிற்பவரின் முழங்கால், அப்பாவின் முகத்துக்கு நேரே இருக்கும். பலர் குனியவே மாட்டார்கள். செருப்பைக் கழற்றி, காலாலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்பா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து விலை சொல்வார். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை. தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருடம் நவம்பரில் ஒரு ராத்திரி மழை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் கணுக்கால் அளவு தண்ணீர். 23 ஜோடி நனைந்துபோயிருந்தன. தாழ்வான மரப்பெட்டி மேல் வைத்திருந்த சாவி மெஷினின் மோட்டாரும் போச்சு. மூன்று பேருக்கு ஷூவுக்கான பணத்தைக் கொடுத்தோம். கடையை எடுத்துக் கட்டுவது என்று அன்றைக்கே முடிவானது. ஆனால் கையில் காசு சேர எட்டு மாதம் ஆனது.

எங்கள் தொழிலில் எப்போது கடையை மூடுவது என்பதே ஒரு கணக்கு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்; ஷூ, பை ஜிப் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் பேஸ்டிங் விட்ட செருப்புகள் வரிசையில் நிற்கும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் ஊர் வழியாகப் போகும். ஆயிரக்கணக்கான கால்கள், ஒன்றிலும் செருப்பு இருக்காது. எங்களுக்கு அதனால் ஒரு ரூபாய் வரவில்லை! மந்தமான மாதம் ஆடிதான். ஆடியில் வேலை தொடங்கலாமா என்று அம்மா முனகினார். இடிப்பது ஆடியில், திறப்பது ஆவணியில் என்று சமாதானம் ஆனது.

மூடுவதற்குப் பத்து நாள் முன்பே புது வேலை வாங்குவதை நிறுத்தினோம். கையில் இருந்த ஜோடிகளையெல்லாம் முடித்து, உரியவர்களுக்குப் போன் செய்து ஒப்படைத்தோம். இதை மட்டும் யாரும் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். கட்டட வேலைக்கு நடுவில் சிமென்ட் மூட்டைக்கு அடியில் யாருடைய கல்யாண ஷூவோ கிடக்கிற கதை எனக்குத் தெரிந்த இரண்டு கடைகளில் நடந்திருக்கிறது. ஷட்டரில் போன் நம்பரையும் “ஆவணி பிறந்ததும் திறப்பு” என்பதையும் பெயின்டால் எழுதினோம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய வேப்பமரத்தடிக்கே போய்விட்டார். 19 நாள் அங்கேதான் வேலை. மரத்தடியில் வருமானம் குறையவே இல்லை. “அப்புறம் எதுக்குடா கடை?” என்று ஒரு நாள் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தரையை 14 அங்குலம் உயர்த்தினோம். சாலையிலிருந்து பார்த்தால் 8 அங்குலம் மேலே. இடிபாட்டுக் கல் நிரப்பி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே கான்கிரீட். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலைதான். ஆனால் தரையைத் தூக்கினால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஷட்டரின் கீழ்த் தகடுகளைக் கழற்றிக் குறைக்க வேண்டியிருந்தது. பூட்டு மாட்டும் இடமும் மாறியது. எட்டரை அடி உயரக் கூரை 7 அடி 4 அங்குலமாகச் சுருங்கியது. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டினோம். இல்லாவிட்டால் கை தூக்கிச் சட்டை போட முடியாது. பிளக் பாயின்டுகள் எல்லாம் முழங்காலுக்கு வந்துவிட்டன. இதையெல்லாம் வயரிங்குக்கு முன்பே சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுப் பார்த்திருந்தால் ஒரு முறை செலவழித்ததை இரண்டாம் முறை செலவழித்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கட்டட உரிமையாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். தரையை உயர்த்துவது நம் செலவு, காலி செய்யும்போது அதை உடைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்கு வாடகை ஏற்றக் கூடாது என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நாம் காசு போட்டுக் கடையை அழகாக்கினால் வாடகை ஏறும் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பெரிய தப்பு மரவேலையில் நடந்தது. மதுரையில் ஒரு செல்போன் கடையின் படத்தைப் போனில் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்று ஆசாரியிடம் சொன்னேன். 42 அங்குல உயரத்தில் ஒரே நீளக் கவுன்டர், முன்னால் கண்ணாடி, உள்ளே எல்இடி. பார்க்க ஜோராக இருந்தது. வேலை செய்ய உட்கார்ந்தால்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியே யாரும் தெரியவில்லை. நின்றால் இரும்புக் கட்டையைப் பிடித்துக் குத்தூசி இறக்க முடியவில்லை. செருப்பு தைக்கும் வேலை மடியில் நடக்கிற வேலை. இரண்டு முழங்காலுக்கு நடுவே ஷூவை இடுக்கிக்கொண்டு, உடம்பு எடையைத் தோளிலிருந்து ஊசிக்கு இறக்க வேண்டும். அதை நெஞ்சு உயரத்தில் செய்யச் சொன்னால் யாரால் முடியும்? ஒரு வாரத்தில் அப்பாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கவுன்டருக்குப் பின்னால் தரையில் சாக்கை விரித்துவிட்டார். வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, “ஆள் இல்லையா?” என்று கேட்பார். கீழேயிருந்து ஒரு குரல் வரும்.

கடைசியில் ஆசாரியை மறுபடி கூப்பிட்டுக் கவுன்டரை வெட்டினோம். இந்த முறை படம் எதுவும் காட்டவில்லை. ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டி, அந்த நிலையில் முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப்பில் அளந்தோம். ஏழடிக் கடைக்குள் மூன்று உயரம் வந்தது. அப்பா உட்கார 16 அங்குலத்தில் அகலமான முக்காலி. அதற்கு முன்னால் இரும்புக் கட்டை தரையில் நிற்கும். பொருள் வாங்கிக் கொடுக்கும் கவுன்டர் 36 அங்குலம். சாவி மெஷின் நின்றுகொண்டு ஓட்டுவது, பல் வெட்டுகிற இடம் கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டும். அதற்கு 40 அங்குலம். இந்த எண்கள் எங்கள் உடம்புக்கானவை. உங்கள் கடைக்கு உங்கள் முழங்கையைத்தான் அளக்க வேண்டும்.

கவுன்டர் வந்த பிறகு நடந்த இன்னொன்றை எந்த ஆசாரியும் சொல்லித் தந்திருக்க முடியாது. திறந்த மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். பல வருட வாடிக்கையாளர். வழக்கம்போல இடது காலிலிருந்து செருப்பை உதறினார். தள்ளுவதற்கு இடம் இல்லை. முன்னால் படி, அதற்கு மேல் பலகை. சுற்றிலும் பார்த்தார். கடைசியில் படியிலேயே விட்டுவிட்டு நின்றார். நான் சும்மா இருந்தேன். அவரே எடுத்து மேலே வைக்கட்டும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்பா எழுந்து, கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, குனிந்து அதை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம் நான் அவரோடு சாப்பிடவில்லை.

ஆனால் சில பேர் கேட்டதில் நியாயமும் இருந்தது. “செருப்பையா மேசை மேல வைக்கச் சொல்றீங்க?” என்று ஒரு பாட்டி கேட்டார். அதே பலகையில்தான் இன்னொருவர் வீட்டுச் சாவியையும் பூஜையறைப் பூட்டையும் வைப்பார். அதனால் கவுன்டரை இரண்டாகப் பிரித்தோம். இடது பக்கம் விளிம்பு வைத்த ரப்பர் தட்டு, அதில் செருப்பு. வலது பக்கம் சின்ன எவர்சில்வர் தட்டு, அதில் சாவி. ரப்பர் தட்டைக் காலையும் மாலையும் கழுவுகிறோம். தட்டு வந்ததும் பேச்சே நின்றுவிட்டது. வைப்பதற்கென்று ஒரு இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் கையால் எடுத்து வைக்கிறார்கள். பெயின்டர் “செருப்பைக் கையில் கொடுக்கவும்” என்று எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அறிவிப்புப் பலகை படித்துத் திருந்தினவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது வாடை. கடையை மூடிக் கட்டியதும் செருப்பு ஒட்டும் சொல்யூஷனின் வாடை உள்ளேயே நின்றது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி மாட்டியிருந்தோம். எல்லோரும் அங்கேதானே மாட்டுகிறார்கள். சாயங்காலம் ஆனால் எனக்குத் தலைவலி, தரையோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கிறக்கம். சாவி போட வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர்தான் காரணம் சொன்னார். ஒட்டும் சொல்யூஷனில் இருக்கும் டொலுயீன் மாதிரியான கரைப்பானின் ஆவி, காற்றைவிட மூன்று மடங்கு கனம். அது மேலே போகாது, தரையில் குளம் மாதிரி தேங்கும். “உங்க ஃபேன் நல்ல காத்தைத்தான் வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு” என்றார். ஃபேனைக் கழற்றி, பேஸ்டிங் செய்யும் மூலையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சாக்கடைச் சந்து என்பது வசதியாகப் போயிற்று. காற்று வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே வரவும் வழி வேண்டும். எதிர்ப்பக்கம் ஷட்டருக்கு அடியில் காற்று நுழைய ஓட்டை போட்ட ஜாலித் தகடு ஒன்று வைத்தோம். ஃபேன் ஸ்விட்ச் மட்டும் வாசல் பக்கம், உயரத்தில்.

ஸ்விட்சைத் தள்ளி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. திறந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குச் சூடம் காட்டினேன். படம் பேஸ்டிங் மேசைக்கு மேலே. கீழே சொல்யூஷன் டப்பா மூடாமல் இருந்திருக்கிறது. தட்டை இறக்கும்போது ‘பக்’ என்று ஒரு சத்தம், டப்பா வாயில் தீ. அப்பா எந்தப் பதற்றமும் இல்லாமல் ஈரச் சாக்கை எடுத்து மேலே போட்டார். என் புருவம் கருகியதோடு போனது. இப்போது சாமி படம் சாவிப் பக்கம். சொல்யூஷன் மூடி போட்ட சின்ன டப்பாவில் அன்றைக்குத் தேவையான அளவு மட்டும். பெரிய டின் தகரப் பெட்டிக்குள். கொசுவத்தி கிடையாது. ஒரு வாளி மணல் எப்போதும் உண்டு. சாவி மெஷினும், ஷூ ஓரம் தேய்க்கும் எமரி கல்லும் பொறி பறக்கிறவை. அவை எதிர் மூலையில். 11 அடியில் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியாகிவிட்டது. மோட்டார்களுக்குத் தனி லைன், தனி எம்சிபி, நல்ல எர்த். வயரிங்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

சாவிக்கு வருகிறேன். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் சாவி போடுகிறவனுக்கு ஒரு கௌரவப் பிரச்சினை உண்டு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்கு அது கிடைத்த அன்று மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் வாங்கிய மெஷின் சாதாரண வீட்டுப் பூட்டின் தட்டைச் சாவியைத்தான் வெட்டும். நம் ஊர் லீவர் பூட்டுச் சாவியை அதில் மாட்டவே முடியாது. அதற்கு வேறு பிடிமானமும் மெல்லிய தட்டை வெட்டுச் சக்கரமும் வேண்டும், அல்லது கையும் அரமும். நாங்கள் கையை வைத்துக்கொண்டோம். மாமாவின் வைஸ் இருந்த பழைய மரக்கட்டையை அப்படியே தூக்கிப் புதுக் கடையில் பதித்தோம். ஆசாரி அதை மைக்கா ஒட்டி மறைக்கலாம் என்றார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது.

முதல் மாதம் என் சாவிகள் திரும்பி வந்தன. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், 11 சாவி. புது மெஷின், புது வெட்டுச் சக்கரம், ஆனால் பூட்டில் போட்டால் திரும்பவில்லை. காரணம் பக்கத்தில் சுற்றிய எமரி கல். ஷூ ஓரம் தேய்க்கும்போது பறக்கும் ரப்பர்த் தூளும் மணலும் சாவி மெஷினின் இடுக்கியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. சாவி ஒரு மயிரிழை மேலே தூக்கி உட்கார்ந்தாலும் வெட்டு ஆழம் மாறிவிடும். மெஷினை இடம் மாற்றி, அக்ரிலிக் மூடி போட்டு, ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன். தினமும் காலையில் ஒரு சோதனை: ஒரே மாதிரியான வெட்டாத இரண்டு சாவியை இரண்டு பக்கமும் மாட்டி, கரன்ட் போடாமல் நெருக்கிப் பார்ப்பேன். இடது பக்கம் வழிகாட்டி முனை தொடுகிற அதே நொடியில் வலது பக்கம் சக்கரமும் லேசாக உரச வேண்டும். உரசாவிட்டால் வழிகாட்டியின் திருகைச் சரிசெய்தாக வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யத் தொடங்கிய பிறகு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் திரும்பி வருகிறது. அவையும் பெரும்பாலும் தேய்ந்துபோன சாவியிலிருந்து எடுத்தவை. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த சாவிதானே வரும்? அதில் மாமா கில்லாடி. பழைய சாவியின் தேய்மானத்தைக் கண்ணாலேயே கணக்குப் போட்டு, எந்தப் பல்லை எவ்வளவு விட வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

வெட்டாத சாவிகளை வாங்கியதில் பணத்தை முடக்கினேன். 18,000 ரூபாய்க்கு 250 வகை. ஓடுவது முப்பது வகைதான். மீதி கொக்கியில் தொங்கி அழகு காட்டுகின்றன. முதலில் முப்பது வகையைப் பித்தளையில் வாங்குங்கள். கேட்டு வந்து நாம் இல்லை என்று சொன்னதை நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் அதை மட்டும் சேருங்கள். கொக்கிப் பலகையில் கம்பெனி வாரியாக மாட்டாதீர்கள். வருகிற சாவியில் பெயர் தேய்ந்திருக்கும். சாவியை நுனிப்பக்கமாகப் பார்த்தால் தெரிகிற பள்ளத்தின் வடிவத்தை வைத்து வரிசைப்படுத்தினால் கை நேராகப் போய் எடுக்கும். சிப் வைத்த கார்ச் சாவியை நான் தொடுவதில்லை. உலோகத்தை வெட்டிவிடலாம், ஆனால் வண்டிக்கு அதை அறிமுகப்படுத்தும் கருவியும் படிப்பும் வேறு.

சோப்பில் அச்சு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போதும் உண்டு. “ஓனர் ஊர்ல இல்லண்ணே, அவசரம்” என்பார்கள். பூட்டைக் கொண்டு வாருங்கள் அல்லது சாவியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். புதுக் கடையில் கவுன்டரிலேயே நோட்டுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறேன்: பெயர், போன் நம்பர், எத்தனை சாவி. எழுதச் சொன்னதும் நழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வடிகட்டி.

செருப்புப் பக்கத்தில் நான் செய்த உருப்படியான காரியம் ஒரு பலகைதான். மூன்றடி நீளம், சுவரில் அடித்தது, பேஸ்ட் தடவியதைக் காயவைக்க. செலவு 600 ரூபாய். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்திலும் சொல்யூஷன் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு இது நாற்பது வருடமாகத் தெரியும். ஆனால் வைக்க இடம் இல்லாததாலும், ஆள் வாசலில் ஒற்றைக் காலில் நிற்பதாலும், ஈரத்திலேயே ஒட்டிச் சுத்தியால் தட்டிக் கொடுத்துவிடுவோம். அது அடுத்த மழையில் வாயைப் பிளக்கும். இப்போது பலகையும் இருக்கிறது, கால் வைக்க இரண்டு ஜோடி ஹவாய் செருப்பும் வாசலில் கிடக்கின்றன. உட்கார ஒரு ஸ்டூல். ஆள் பொறுமையாக இருந்தால் பேஸ்டிங்கும் பொறுமையாகக் காயும். மழைக்காலத்தில் தடவிய பரப்பில் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். சேர்ப்பதற்கு முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுகிறோம், அதுவும் டப்பாவிலிருந்து தள்ளி.

பிவிசி சோலுக்குச் சாதாரண சொல்யூஷன் நிற்காது, பியு (பாலியூரித்தேன்) சொல்யூஷன் வேண்டும். பல வருடம் டப்பாவில் வைத்திருந்த பியு சோல் ஷூ வந்தால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காற்றின் ஈரத்திலேயே அது உள்ளுக்குள் உளுத்திருக்கும். உதிர்ந்தால் ஒட்டுகிறேன் என்று வாங்காதீர்கள். சோலை முழுதாக மாற்றலாம், அல்லது கைகூப்பி அனுப்பிவிடலாம்.

முடித்த வேலைகளை வைக்க முதலில் நம்பர் போட்ட 60 அறைகள் செய்யத் திட்டம். நல்லவேளை, காசு இல்லை. அதற்குப் பதிலாக ஏழு தட்டு, ஒவ்வொன்றும் ஒரு கிழமை. எந்த நாள் தருவதாகச் சொன்னோமோ அந்தத் தட்டில். செவ்வாய்க்கிழமை காலை செவ்வாய்த் தட்டைப் பார்த்தால் அன்றைய வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். டோக்கனை இரண்டு காலிலும் கட்டுகிறோம். ஒரு காலில் மட்டும் கட்டி, வலதும் இடதும் இரண்டு வீட்டுக்குப் போன சம்பவம் உண்டு. வாங்காமல் விட்டுப் போகிறவைதான் தீராத தலைவலி. 30 நாள் என்று ரசீதில் அச்சடித்திருக்கிறோம். அப்பா ஒரு வருடம் ஆனாலும் தூக்கிப் போட விடமாட்டார். “செருப்ப மறந்துட்டுப் போறவனுக்கு வீட்ல என்ன கஷ்டமோ” என்பார். அவற்றுக்காகக் கூரைக்குக் கீழே ஒரு பரண் கட்டிக்கொடுத்தேன்.

வெள்ளை எல்இடியில் டேன் நிறமும் பிரவுனும் ஒரே மாதிரி தெரியும். ஒரு வக்கீலின் ஷூவுக்குத் தப்பான பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்ட பிறகு, நிறம் பார்ப்பது வாசல் வெயிலில்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தரை 17,000, ஷட்டர் 6,500, வயரிங் 11,500, மரவேலை 34,000, அதே மரவேலையை வெட்டித் திருத்தியது 8,000, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நீளக்கைத் தையல் மெஷின் 14,000, சாவி மெஷின் 22,000, வெட்டாத சாவிகள் 18,000, பெயின்டும் பெயர்ப்பலகையும் 7,000. மொத்தம் 1,38,000. நான் போட்ட பட்ஜெட் 80,000. முத்ரா சிசு கடனில் உச்ச வரம்பான 50,000 கிடைத்தது, அதுவும் நான்காவது நடையில். சீட்டு எடுத்தது 60,000. மீதி 28,000-க்கு வீட்டுக்காரியின் தோடு அடகுக்குப் போனது. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடக் கூட்டம் மீட்டுக் கொடுத்தது. இன்றைக்கு மறுபடி செய்தால் கண்ணாடியும் எல்இடியும் 200 வகைச் சாவியும் இல்லாமல், ஒரு லட்சத்துக்குள் முடிப்பேன்.

அப்பா முக்காலியில் உட்கார இரண்டு மாதம் ஆனது. தரையில் உட்கார்ந்தே பழகிய இடுப்பு. முதலில் ஆள் இல்லாத மத்தியானங்களில் மட்டும் ஏறி உட்கார்ந்து பார்ப்பார். யாராவது வந்தால் இறங்கிவிடுவார். அப்புறம் முழங்கால்தான் அவரை மேலே ஏற்றியது. 16 அங்குலம் கூடுதல், ஒரு அங்குலம் குறை என்று ஆசாரியிடம் அவரே போய்ச் சொல்லி அறுத்துக்கொண்டு வந்தார். இப்போது உட்கார்ந்த நிலையிலேயே கவுன்டருக்கு மேலே அவர் முகம் தெரிகிறது. அன்றைக்குப் படியில் செருப்பை விட்டவர் இப்போது தட்டில் வைக்கிறார். வைத்துவிட்டு மேட்ச் ஸ்கோர் மாதிரி ஊர்க்கதை எல்லாம் அப்பாவிடம் ஒப்பிக்கிறார்.

போன வருடம் மறுபடி சாலை போட்டார்கள். இந்த முறையும் சுரண்டவில்லை. ரோலர் போன பிறகு, தார் ஆறுவதற்குள், அப்பா என் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டேப்பை வாங்கிக்கொண்டு போய்ப் படியை அளந்தார். 8 அங்குலம் 6 ஆகியிருந்தது. டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

“இன்னும் மூணு ரோடு தாங்கும்” என்றார்.